எண்பது படிகளில் தொடங்கியவர்

விடியற்காலை நான்கரை மணிக்குத் தில்லை நகர் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் நம் கல்லூரியில் மிகுதியாக இருக்க மாட்டார்கள். நான் அறிவேன். மருத்துவமனைகளின் பெயர்ப்பலகை விளக்குகள் மட்டும் விழித்திருக்கும். தேநீர்க் கடையில் பாய்லர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். தொலைவில் மலைக்கோட்டை இருளோடு இருளாக நிற்கும். அந்த வேளையில், மிதிவண்டியின் பின்னால் செய்தித்தாள் கட்டை ஏற்றிக்கொண்டு, கிராஸ் கிராஸாகச் சென்று வருவது என் அன்றாடக் கடமை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 2019ஆம் ஆண்டு முதல் இதைச் செய்து வருகிறேன். என் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி இந்த மிதிவண்டி ஈட்டித் தந்ததே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் லைனில் 210 தாள்கள் இருந்தன. இரண்டு பையன்கள் பிரித்துக்கொண்டு போட்டோம். 2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தது. தாளில் நோய் ஒட்டியிருக்குமோ என்று அஞ்சிப் பலர் நிறுத்தினர். நோய் போயிற்று, நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் திரும்ப வரவில்லை. கைபேசியில் எல்லாம் வந்துவிடுகிறதே தம்பி என்று வாயிற்படியில் நின்று அன்போடுதான் சொன்னார்கள். இன்று அந்த லைனுக்கு நான் ஒருவனே போதும். சென்ற தை மாதம் கணக்குப் பார்த்தபோது எண்ணிக்கை சரியாக 80. இதற்கும் கீழே போனால் கட்டுப்படியாகாது, லைனை வேறொருவருக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று ஏஜெண்ட் அண்ணன் சொல்லிவிட்டார். அவரைக் குறை கூற முடியாது. ஒரு தாளுக்கு அவருக்குக் கிடைப்பது சிறு கழிவு. உள்ளே நோட்டீஸ் வைத்தால் இன்னும் கொஞ்சம். எண்ணிக்கை குறைந்தால் இரண்டும் குறையும்.

அன்று காலை, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வழக்கம்போல் வாசற்கதவருகே காத்து நின்றார். வாடிய என் முகத்தைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். எண்பது என்பது சிறிய எண்ணா என்று கேட்டார். இந்நாட்டின் பெரிய செய்தித்தாள் ஒன்று எண்பது படிகளோடுதான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் நம் காவிரிக் கரைக்காரர். நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பார் என்றார். படித்தேன். படித்ததை என் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஐயாற்றுப் பிள்ளை

அப்பெரியார் ஜி. சுப்பிரமணிய ஐயர். ‘இந்து’ ஆங்கில இதழையும் ‘சுதேசமித்திரன்’ தமிழ் இதழையும் நிறுவியவர். நம் திருச்சியைத் தாண்டிக் கல்லணை வழியே ஓடும் காவிரி, தஞ்சைத் தரணியில் நுழைந்து தொட்டுச் செல்லும் திருவையாற்றில், 1855ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கணபதி தீட்சிதர் வழக்குரைஞர். ஆனால் இளமையிலேயே அவர் தந்தையை இழந்தார். வறுமை என்று சொல்ல முடியாவிட்டாலும் வளமான வாழ்வு என்றும் சொல்ல முடியாது. தஞ்சையில் கல்வி கற்று, சென்னைக்குச் சென்று ஆசிரியர் பயிற்சி பெற்று, பள்ளி ஆசிரியர் ஆனார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, தனியாகப் படித்து 1877இல் பி.ஏ. தேர்வில் தேறினார். மாலை நேரக் கல்லூரியோ அஞ்சல்வழிக் கல்வியோ இல்லாத காலம் அது. பகலில் உழைத்து இரவில் படிக்கும் நம் தோழர்கள் பலருக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரும்.

திருவல்லிக்கேணியில் இளைஞர்கள் கூடிப் பேசும் இலக்கியச் சங்கம் ஒன்று இருந்தது. ஐயரும் அவருடைய நண்பர் எம். வீரராகவாச்சாரியாரும் அதில் முன்னின்றனர். இருவரும் ஆசிரியர்கள். அவர்களோடு சட்டம் படித்த மாணவர் நால்வரும் சேர்ந்தனர். நாட்டு நடப்பைப் பற்றிப் பேசினர், விவாதித்தனர், கலைந்து சென்றனர். பேச்சு காற்றோடு போயிற்று. அதை எழுத்தில் நிறுத்த ஒரு தேவை 1878இல் வந்தது.

ஒரு ரூபாய் பன்னிரண்டணா

அவ்வாண்டில் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் அதைப் பொறுக்கவில்லை. இந்தியருக்கு அந்தத் தகுதி உண்டா என்று எழுதின. பதில் சொல்ல இந்தியரிடம் ஏடு இல்லை. கூட்டம் போட்டுப் பேசலாம். ஆனால் அச்சில் வந்ததற்கு அச்சில்தானே பதில் சொல்ல வேண்டும்?

அந்த அறுவரிடமும் பணம் இல்லை. ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கினார்கள். தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 படிகள் அச்சிட்டார்கள். 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ‘இந்து’ வார இதழாகப் பிறந்தது. படி ஒன்றின் விலை நான்கணா. சுப்பிரமணிய ஐயர் அதன் ஆசிரியர். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. நம் கல்லூரியில் முதுகலை முடித்து வெளியேறும் மாணவரின் வயது!

சட்ட மாணவர் நால்வரும் நாளடைவில் வழக்குரைஞர்களாகித் தத்தம் வழியே சென்றனர். பள்ளி ஆசிரியர் இருவருமே சுமையைத் தாங்கினர். ஐயர் எழுத, வீரராகவாச்சாரியார் நிருவாகத்தைக் கவனித்தார். 1883இல் வாரம் மூன்று முறை வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நாளிதழாயிற்று. வாரத்துக்கு 80 படி என்று தொடங்கியது நாள்தோறும் வரும் ஏடாக மாற ஏறத்தாழப் பத்தரை ஆண்டுகள் ஆயின. 1882இல் சேலத்தில் கலவரம் நிகழ்ந்து, அதன் தொடர்பில் விசயராகவாச்சாரியார் தண்டிக்கப்பட்டபோது, அவர் பக்கம் நின்று இந்த இதழ் எழுதியது. பின்னர் அவர் குற்றமற்றவர் என விடுதலையானார்.

ஐயர் எழுத்தோடு நின்றவரல்லர். 1884இல் சென்னை மகாசன சபை தோன்றியபோது அதைத் தோற்றுவித்தவருள் ஒருவராக இருந்தார். 1885ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த 72 பேராளர்கள் அமர்ந்திருந்த அந்த அவையில், முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் திருவையாற்றுக்காரரான இந்தப் பள்ளி ஆசிரியரே. இந்திய ஆட்சியின் செலவினங்களை ஆராய அமைந்த வெல்பி ஆணையத்தின் முன் 1897இல் இலண்டன் சென்று சான்றுரைத்தார். நாட்டின் வறுமையைப் பற்றி அவர் எழுதியவையெல்லாம் இவ்வாறு ஆள்வோரின் அவைக்கே சென்று சேர்ந்தன.

தமிழை நாடி

ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் யார் படிப்பார்? ஆள்வோர் படிப்பர், அலுவலர் படிப்பர், வழக்குரைஞர் படிப்பர். வயலில் நிற்பவனுக்கும் வண்டி ஓட்டுபவனுக்கும் அது எட்டாது. அக்காலத்தில் தமிழில் இதழ் நடத்துவது எளிதாகவும் இல்லை. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் தாய்மொழி ஏடுகளை மட்டும் கட்டிப்போட்டது; ஆங்கில ஏடுகளை அது தொடவில்லை. எந்த மொழியில் எழுதினால் மக்கள் விழிப்பர் என்பது ஆள்வோருக்குத் தெரிந்திருந்தது! அச்சட்டம் பின்னர் ரிப்பன் பிரபு காலத்தில் நீக்கப்பட்டது.

ஐயர் 1882இல் ‘சுதேசமித்திரன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஒரு கையில் ஆங்கில ஏடு, மறு கையில் தமிழ் ஏடு. பதினாறு ஆண்டுகள் இப்படி ஓடின. 1898இல் கருத்து வேறுபாட்டாலும் பணச் சிக்கலாலும் அவர் ‘இந்து’விலிருந்து விலக நேர்ந்தது. தாம் பெற்று வளர்த்த ஏட்டை விட்டுப் பிரிவது எவ்வளவு துயரமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓய்ந்துவிடவில்லை. தமிழ் ஏட்டில் முழு மூச்சாக இறங்கினார். 1899இல் ‘சுதேசமித்திரன்’ நாளிதழாயிற்று. தமிழின் முதல் நாளிதழ் என்று அது இன்றும் போற்றப்படுகிறது.

அரசியலையும் பொருளாதாரத்தையும் தமிழில் எழுதப் பழகிய கைகள் அன்று குறைவு, சொற்களும் குறைவு. தந்தியில் ஆங்கிலத்தில் வரும் செய்தியை இரவோடு இரவாகத் தமிழாக்கி, காலையில் படிப்பவனுக்கு விளங்கும்படி கொடுக்க வேண்டும். அதற்கு நல்ல ஆள் வேண்டும். 1904இல் மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரை ஐயர் சென்னைக்கு அழைத்துத் துணையாசிரியராக அமர்த்தினார். அந்த இளைஞர்தாம் சுப்பிரமணிய பாரதியார். பாரதியாரின் உரைநடை கூர்மை பெற்ற பட்டறை ‘சுதேசமித்திரன்’ அலுவலகமே என்றால் மிகையாகாது. ஐயர் வேறொன்றும் செய்யாமல் இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தாலும் தமிழுலகம் அவரை நினைத்திருக்கும்.

வீட்டிலும் ஒரு போர்

ஊருக்கு உபதேசம் செய்வோர் உலகில் பலர். ஐயர் அவ்வகையைச் சேர்ந்தவரல்லர். அவருடைய மகள் சிவப்பிரியம்மாள் சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தார். அக்கால வழக்கப்படி அந்தப் பெண்ணின் வாழ்வு அத்தோடு முடிந்தது. விதவை மறுமணத்தை ஆதரித்து ஏட்டில் எழுதிவந்தவரின் வீட்டிலேயே சோதனை வந்துவிட்டது. எழுதியது ஒன்று, செய்வது ஒன்று என்று இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் 1889இல், பம்பாயில் காங்கிரசு மாநாடு நடந்த நாட்களில், தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். உறவும் சாதியும் அவரை ஒதுக்கி வைத்தன. நண்பர் சிலரும் விலகினர். சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய இந்த உறுதி, பின்னாளில் ‘இந்து’விலிருந்து அவர் பிரிய நேர்ந்த காரணங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று. அச்சில் இட்ட சொல்லுக்கு அவர் தம் வீட்டையே பிணையாக வைத்தார்.

சிறையும் நோயும்

1908ஆம் ஆண்டு தென்னாட்டில் அடக்குமுறை கடுமையான ஆண்டு. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறை சென்ற ஆண்டு அது. உடல்நலம் நாடிக் குற்றாலத்தில் தங்கியிருந்த ஐயரும், ‘சுதேசமித்திர’னில் வெளிவந்த எழுத்துகளுக்காக அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். அப்போது அவர் உடல் முழுவதும் நோயின் பிடியில் இருந்தது. பின்னர் நிபந்தனைகளின் பேரில் விடுவிக்கப்பட்டார். அந்த நிபந்தனைகளை அவர் ஏற்றதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. நோயுற்ற மனிதரின் உடல் எவ்வளவு தாங்கும் என்று வெளியே நிற்கும் நாம் எப்படி அளக்க முடியும்? அவரை மாசற்ற சிலையாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அஞ்சியும், நொந்தும், மீண்டும் எழுந்தும் உழைத்த மனிதராகவே காண விரும்புகிறேன்.

இறுதி ஆண்டுகளில் தொழுநோய் அவரை வாட்டியது. ஊரார் ஒதுங்கினர். 1915இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைத் தேடிச் சென்று கண்டு, புண்ணில் வடிந்ததைத் தம் மேலாடையாலேயே துடைத்தார் என்பர். அவ்வாண்டிலேயே ஐயர் ‘சுதேசமித்திர’னை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற ‘இந்து’வின் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர் விலகிய பின்னர் அதன் விற்பனை தேய்ந்து 800 படிகளுக்கு இறங்கிற்று. 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கி உயிர்ப்பித்தார். அது இன்றும் அச்சில் வருகிறது. என் கட்டிலும் இருக்கிறது. ‘சுதேசமித்திர’னோ நூறாண்டு கண்டு, 1980களில் நின்றுவிட்டது. அப்போது கைபேசி ஏது? இணையம் ஏது? செய்தித்தாள் சாவதற்குக் கைபேசி வர வேண்டும் என்பதில்லை என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

முக்கொம்பு உடைந்த இரவு

இனி நம் காலத்துக்கு வருவோம். என்னுடைய எண்பது தாள் தனிக்கதை அன்று. வியன்னா நகரில் 1703இல் தொடங்கிய ‘வீனர் சைட்டுங்’ என்னும் ஏடு, மன்னராட்சியையும் இரண்டு உலகப் போர்களையும் கண்ட பிறகு, 2023 சூன் 30ஆம் நாளோடு தன் அன்றாட அச்சுப் பதிப்பை முடித்துக்கொண்டது. இலண்டனில் ‘இண்டிபெண்டன்ட்’ 2016இலேயே அச்சை விட்டு இணையத்துக்குச் சென்றது. காரணம் கடினமானதன்று. நாம் கொடுக்கும் விலை தாளுக்கும் மைக்கும் கூடப் போதாது. மீதியை விளம்பரமே ஈடுகட்டி வந்தது. அந்த விளம்பரம் இன்று கைபேசித் திரைக்குப் போய்விட்டது. படிப்பவரும் போய்விட்டார், பணம் கொடுப்பவரும் போய்விட்டார்.

போகட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நான் அப்போது எட்டாம் வகுப்பு. சற்று நேரத்தில் அம்மாவின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அணை உடைந்தது, காவிரி பெருகி ஊருக்குள் வருகிறது, மாடிக்குப் போங்கள் என்று அதில் இருந்தது. யார் எழுதியது என்று இல்லை. அதை அம்மா நான்கு பேருக்கு அனுப்பினார். நான் என் நண்பர்களுக்குச் சொன்னேன். நடக்க முடியாத என் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். பாதிப் படியில் நாற்காலி சரிந்தது. பாட்டிக்குக் கை முறிந்தது. தண்ணீர் வரவேயில்லை.

மறுநாள் செய்தித்தாளில் விவரம் இருந்தது. 45 மதகுகளில் 9 மதகுகள் போயின. உடைந்தது கொள்ளிடத்தின் பக்கம். ஆகவே தண்ணீர் கொள்ளிடத்தில் பாய்ந்து கடலை நோக்கிச் சென்றது. உண்மையான கவலை ஊர் மூழ்கிவிடும் என்பதன்று. காவிரியில் திரும்ப வேண்டிய நீர் வீணாகி, பாசனம் என்னாகும் என்பதே. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய அணை அது. கைபேசி சொன்னதற்கு நேர் எதிரான ஆபத்து! அதை விளக்க ஒரு செய்தியாளர் இரவில் முக்கொம்பு வரை போய் நின்றிருக்கிறார். ஒரு பொறியாளரைக் கேட்டிருக்கிறார். தவறாக இருந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டிய கடப்பாடு அவருக்கு இருந்தது. எங்களுக்கு வந்த செய்தியை எழுதியவருக்கு எந்தக் கடப்பாடும் இல்லை. அதை அனுப்பிய எங்களுக்கும் இல்லை. பாட்டியின் கைக்கு யார் பொறுப்பு என்று நான் இன்றுவரை யாரையும் கேட்க முடியவில்லை, என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு நான் செய்தித்தாள் போடச் சேர்ந்ததற்குப் பணம் மட்டுமே காரணம் என்று அம்மா நினைக்கிறார். அது முழு உண்மையன்று.

அச்சிடும் செய்தித்தாள்கள் எல்லாம் பிழையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. அவையும் தவறும், விளம்பரம் கொடுப்பவருக்கு வளையும். ஆனால் அவற்றின் ஒரு மூலையில் ஆசிரியர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்கும். தவறினால் போய்க் கதவைத் தட்டலாம், வழக்குத் தொடுக்கலாம். 1908இல் ஆங்கில அரசு சுப்பிரமணிய ஐயரைக் கைது செய்ய முடிந்ததே, அவர் தம் எழுத்துக்குத் தாமே முன்நின்றதால்தான். அது ஆபத்து என்பது உண்மை. அந்த ஆபத்தே அவருடைய எழுத்துக்கு எடை தந்தது என்பதும் உண்மை.

அவர் இன்று இருந்திருந்தால்

இவ்வளவும் படித்தபின் மீண்டும் அப்பேராசிரியரிடம் சென்றேன். ஐயர் இன்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. நீயே எழுது என்று சொல்லிவிட்டார். ஆகவே என் கருத்தை எழுதுகிறேன்.

அவர் அச்சுத் தாளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க மாட்டார். மக்கள் ஆங்கிலத்தில் இல்லை என்று கண்டபோது தமிழுக்கு வந்தவர் அவர். பெயர் பெற்ற ஏட்டை விட்டு, பெயர் பெற வேண்டிய ஏட்டுக்குச் சென்றவர். அவருக்குப் பின் வந்த சி. பா. ஆதித்தனாரும் அப்படியே. நம் ஊர்ப் புனித வளனார் கல்லூரியில் படித்த அவர், 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கி, பேச்சுக்கு நெருங்கிய தமிழில் செய்தி கொடுத்து, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருப்பவனையும் படிக்க வைத்தார். மக்கள் இருக்கும் இடத்துக்குச் செய்தி போக வேண்டும் என்பது இவர்கள் கண்ட வழி. இன்று மக்கள் கைபேசியில் இருக்கிறார்கள். ஐயர் அங்கேயும் போயிருப்பார் என்பதே என் துணிபு.

ஆனால் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார். தம் பெயரைக் கொண்டு போயிருப்பார். சொன்ன சொல்லுக்குத் தாமே பொறுப்பு என்னும் பண்பைக் கொண்டு போயிருப்பார். தந்திச் செய்தியைச் சரிபார்த்துத் தமிழாக்கிய இரவுக் கண்விழிப்பைக் கொண்டு போயிருப்பார். தாள் போகலாம், இவை போகக் கூடாது. செய்தித்தாளின் தேய்வு என்று நாம் பேசும்போது, குறைவது தாளின் எண்ணிக்கை மட்டுந்தானா, இவையும் சேர்ந்தா என்பதையே கவலையோடு பார்க்க வேண்டும். எண்பது படிகளில் தொடங்கிய ஏடு வளர்ந்தது. 800 படிகளுக்கு இறங்கிய அதே ஏடு மீண்டும் எழுந்தது. எண் குறைந்ததால் அது அழியவில்லை. பொறுப்பேற்க ஒருவர் இருந்ததால் பிழைத்தது.

நம் கல்லூரியிலும் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. இவ்வாண்டு மலரை அச்சிட வேண்டாம், கைபேசியில் போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று தோழர் சிலர் சொல்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சில் வந்தால் மகிழ்வேன். என் பாட்டி கையில் எடுத்துப் பார்ப்பார். கைபேசியில் வந்தாலும் மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். எங்கே வந்தாலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். தவறு இருந்தால் வகுப்பறைக்கு வந்து கேட்கட்டும்.

இக்கட்டுரையைத் தொடங்கியபோது என் லைனில் 80 தாள்கள் இருந்தன. முடிக்கும்போது 78 ஆகிவிட்டன. ஒரு வீட்டில் குடிமாறிப் போனார்கள். மற்றொரு வீட்டில் படித்துவந்த பெரியவர் காலமானார். ஏஜெண்ட் அண்ணன் இந்தக் கல்வியாண்டு முடியும் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. நாளை விடியற்காலை நான்கரை மணிக்கு 78 வாசல்களுக்கும் செய்தித்தாள் போய்ச் சேரும். அதற்கு நான் பொறுப்பு.